பட்டு விரித்த பெஞ்சு

செவிலிமேட்டில் எங்கள் தெருமுனைக்கு ஒரு ஜிம் வந்துவிட்டது. கண்ணாடிச் சுவர், ஏசி, காதைப் பிளக்கும் பாட்டு. முழங்கால் வலி போகத் தொடைத் தசை பலமாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நானும் அங்கே உறுப்பினன். எழுபதை நெருங்கும் வயதில் அரைக்கால் சட்டையோடு நான் தெருவில் இறங்கியதும் என் மனைவி கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் எந்த வீட்டிலிருந்து வந்தேன் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம்.

போன வாரம் அங்குள்ள பயிற்சியாளர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பெஞ்சுல உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி தொடைக்கிறீங்க, எழுந்து ஒரு வாட்டி தொடைக்கிறீங்க, நடுவுல சொந்தத் துண்டு வேற போடுறீங்க. நாங்க டெய்லி கிளீன் பண்றோம் சார். பாக்குறவங்க என்னமோ ஏதோன்னு நினைக்கிறாங்க.”

“கடைசியா எப்போ பண்ணீங்க?” என்று கேட்டேன். பழக்க தோஷம். நகராட்சியில் முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் வாயில் வேறு கேள்வி வராது. அவருக்காக இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார், என் பதிலோ நீளமானது. அதனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்கு முன் எங்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவை எப்படித் தேடுவது, கெட்டுப்போன மீனின் செவுள் என்ன நிறத்தில் இருக்கும், இதெல்லாம் அதில் வந்தது. ஜிம் வரவில்லை. எங்கள் ஆய்வுப் படிவத்தில் ஓட்டல், சலூன், லாட்ஜ், சினிமா கொட்டகை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இல்லை. உடம்பை வளர்க்கிற இடத்தில் என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று படிவம் அடித்தவரும் நினைத்திருப்பார், நாங்களும் நினைத்தோம்.

எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஆசாரமான வைணவக் குடும்பத்தில் பிறந்தவன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். சுத்தத்தைப் பற்றி எனக்கு யார் வந்து சொல்வது என்று இருந்தேன். நான் நுழைந்தால் ஓட்டல் முதலாளிகள் எழுந்து நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் டாக்டர் சபீனா பேகம் எங்களுக்கு நகர்நல அலுவலராக வந்தார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், மெதுவான பேச்சு. துப்புரவுப் பணியாளரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ஆய்வுக்குப் போனால் முதல் காரியமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் வைப்பார். பிறகு எதையாவது தூக்குவார். எந்தப் பொருளானாலும் மேல்பக்கத்தைப் பார்க்கமாட்டார், திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

“இதை எப்போ துவைச்சீங்க?”

பாத்திரமாக இருந்தால், எப்போ கழுவினீங்க. அவ்வளவுதான். அவர் வந்த முதல் வாரத்தில் ஒரு ஓட்டலில் நான் வழக்கம்போல், “எல்லாம் சுத்தமா வெச்சிருக்கீங்களா?” என்று அதட்டினேன். திரும்பும் வழியில் ஜீப்பில் அவர் சொன்னார்: “சுத்தமா இருக்கான்னு கேட்டா அவங்க மரியாதையைக் கேக்குற மாதிரி, சம்பத். யாருங்க இல்லைன்னு சொல்லுவாங்க? எப்போ துவைச்சீங்கன்னு கேட்டா கிழமை சொல்லியாகணும். பொய் சொல்றவங்களும் ஒரு நிமிஷம் யோசிக்கணும். அந்த ஒரு நிமிஷம் நமக்குப் போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் இன்னொரு ஓட்டலில் மேஜை துடைக்கும் துணியைக் காட்டி, எப்போது துவைத்தது என்று கேட்டேன். முதலாளி திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நானும் எடுத்துக்கொண்டேன், என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

ஒரு சித்திரை மாதம் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை டாக்டர், சபீனா மேடத்துக்குப் போன் செய்தார். முதுகிலும் தோளிலும் சீழ்க்கட்டியோடு வாலிபர்கள் வந்தபடி இருக்கிறார்கள், ஒன்றைக் கீறி ஆற்றினால் இன்னொன்று வருகிறது, விசாரித்தால் பாதிப்பேர் ஒரே ஜிம்முக்குப் போகிறவர்கள் என்றார். மேடம் என்னை அனுப்பினார்.

நெசவாளர் தெரு ஒன்றின் கடைசியில், முன்பு தறிகள் ஓடிய ஓட்டுக் கட்டடத்தில் அந்த ஜிம் இருந்தது. நடத்தியவர் கோதண்டம் மாஸ்டர். காலையில் ஜிம், பகலில் தறி. மாவட்ட ஆணழகன் போட்டியில் வாங்கிய கோப்பை ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே இருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“சூட்டுக்கட்டி சார் அது. சித்திரை வெயிலு, மேல ஓடு காயுது, பசங்க டஜன் டஜனா முட்டை வேற துன்னுக்கினு இருக்கானுங்க. நாலு நாளு எண்ண தேச்சி குளிச்சா அடங்கிடும்.”

இந்தப் பெயர்தான் பெரிய வில்லங்கம். சூட்டுக்கட்டி என்று சொன்னவுடனே அது உன் உடம்பில் பிறந்து உன் உடம்போடு முடிகிற சமாச்சாரம் ஆகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒட்டும் என்று யாருக்கும் தோன்றாது. இளநீர் குடிப்பார்கள், வெந்தயம் ஊறவைத்துத் தின்பார்கள், அதே துண்டால் நாலு பேர் துடைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கிற கிருமி. சிராய்ப்போ, மழித்த இடமோ, உரிந்த தோலோ கிடைத்தால் உள்ளே போய்விடும். பெரும்பாலும் கட்டியோடு நின்றுவிடும். சில சமயம் நிற்காது.

அவரை உட்காரவைத்து இதையெல்லாம் விளக்கிவிட்டு, ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேள்வியைக் கேட்டேன். ஆணியில் தொங்கிய பொதுத் துண்டு? “வெள்ளிக்கெழம... இல்ல சார், அதுக்கு முந்தின வெள்ளி.” அதைக் கழற்றச் சொன்னேன். கம்பிகளில் கைப்பிடிக்காகச் சுற்றியிருந்த துணிகளை அவிழ்க்கச் சொன்னேன். போட்டிக்குப் போகிறவர்கள் மார்பு மழிக்க வைத்திருந்த ஒரே சவரக் கத்தியை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். அவரவர் துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும், குழாயடியில் சோப்பு இருக்க வேண்டும், வருமுன் போகுமுன் கை கழுவ வேண்டும், சிராய்ப்பு இருந்தால் கட்டுப்போட்டு மூட வேண்டும், கட்டி உள்ளவர்கள் ஆறும்வரை வரக்கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டவைத்தேன்.

நடுவில் பெஞ்சு இருந்தது. மல்லாந்து படுத்து எடை தூக்கும் பெஞ்சு. அதன் ரெக்சின் கிழிந்துபோனதால் மாஸ்டர் மேலே பட்டு போட்டிருந்தார். நெசவில் தப்பு விழுந்து தேறாமல் போன அரக்கு நிறப் புடவை. சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்டு, உடல் பாகத்தை நாலாக மடித்துப் பெஞ்சைச் சுற்றி இறுக்கித் தைத்திருந்தார். ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. படுக்கப் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுப்பார்கள். நானும் தடவிப் பார்த்தேன். நல்ல கனமான பட்டு. படிவத்தில், “பெஞ்சு: பட்டு விரிப்பு, நல்ல நிலை” என்று எழுதினேன்.

அதற்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது எழவே இல்லை. எங்கள் வீட்டில் பருத்தித் துணி என்றால் தினமும் நனைத்து, யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்தினால்தான் மடி, பூஜைக்கு ஏற்ற சுத்தம். பட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அம்மா ஒரே பட்டுப்புடவையை மாதக்கணக்கில் பூஜைக்கு உடுத்துவாள். கேட்டால், “பட்டு எப்பவுமே மடிடா” என்பாள். பட்டை எப்போது துவைத்தாய் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. நெய்கிற தெருவிலும் உடுத்துகிற தெருவிலும் அதே நம்பிக்கைதான். நான் இரண்டாவது தெருவிலிருந்து முதல் தெருவுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன், அவ்வளவே.

“நடவடிக்கை எடுக்கப்பட்டது, நிலைமை திருப்தி” என்ற என் அறிக்கையில் மேடம் கையெழுத்துப் போட்டார்.

வைகாசி பிறந்து சில நாளில் மறுபடி போன் வந்தது. இந்த முறை மேடமும் என்னோடு மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவன் தணிகாசலம், தென்னேரி விவசாயக் குடும்பம், இருபத்துமூன்று வயது. காவலர் தேர்வுக்கு எழுத்துப் பரீட்சை முடித்து, உடல்தகுதித் தேர்வுக்காகத் தினமும் காலை பஸ் பிடித்து ஜிம்முக்கு வந்துகொண்டிருந்தவன். வலது தோள்பட்டை எலும்பின் மேல் கட்டி. ஊக்கால் அவனே குத்தி அமுக்கியிருக்கிறான். இரண்டு நாள் நடுக்கும் காய்ச்சல், அதற்கும் சூடு என்று எண்ணெய்க் குளியல். மூன்றாம் நாள் பேச்சு குழறியதும் அக்கா புருஷன் வண்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார். கை கால் சில்லிட்டு, மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

“கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு,” என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். “சீழ் எடுத்துட்டோம், மருந்து ஏறுது. சாயங்காலம் மெட்ராஸ் அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

அங்கிருந்து நேராக ஜிம்முக்குப் போனோம். மேடம் கடிகாரத்தைக் கழற்றினார். கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சிகளைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கம்பியின் கைப்பிடி, குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள் என்று தேய்த்துத் தேய்த்துத் திரும்ப மூடினார். ஒவ்வொரு குழாயிலும் நான் எண் ஒட்டினேன். என் அட்டை சுவரில் இருந்தது, ஆணியில் பொதுத் துண்டு இல்லை, சோப்பு இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம்கூட வந்தது. அப்போது அவர் பெஞ்சுக்கு முன் நின்றார்.

“இதை எப்போ துவைச்சீங்க?”

மாஸ்டருக்குக் கேள்வியே புரியவில்லை. “பட்டும்மா அது,” என்றார். “பட்டுக்கு ஏதும்மா தீட்டு?”

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அதே பதிலைச் சொல்ல என் வாயும் திறந்திருந்தது.

“போட்டு எத்தனை நாளாச்சுங்க?”

“பொங்கலுக்குப் போட்டேம்மா.”

மேடம் பிளேடு கேட்டு வாங்கி, ஒரு ஓரமாகத் தையலை அறுத்து விரிப்பைத் திருப்பினார். மேலே பளபளவென்று இருந்த பட்டின் அடிப்பக்கம் முழுக்க வியர்வை உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது. மடிப்புக்குள் ஈரம். அரக்கு நிறத்தில் வெளியே தெரியாத கறைகள் உள்ளே வட்ட வட்டமாக, முதுகு படும் இடத்தில். நாற்றம் மாஸ்டரையே இரண்டு அடி பின்னால் தள்ளியது. மேடம் கடைசிக் குச்சியை எடுத்தார்.

ஜீப்பில் ஏறியதும் நானே சொன்னேன். “மேடம், போன தடவை நான் இதைத் தொட்டே பார்த்தேன். கேக்கல.”

“ஏங்க கேக்கல?”

“பட்டு,” என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கொஞ்ச தூரம் போனபின், “அந்தப் பழைய ரிப்போர்ட்டுக்குக் கீழேயே இதை எழுதிடுங்க, சம்பத். புதுப் பேப்பர் வேணாம்,” என்றார். பிறகு, “அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க. எல்லாம் தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கார்,” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டார். தணிகாசலத்துக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது தெளிவாகத்தான் பார்த்தான்.

“கட்டி இருந்தா வராதன்னு நீங்க போர்டு மாட்னீங்க சார்,” என்றான். “செலக்‌ஷனுக்கு பதினெட்டு நாளுதான் இருந்திச்சி. அதான் பனியன் போட்டு மறச்சிக்கினு வந்துட்டேன். தப்புதான் சார்.”

அந்த அட்டையை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவன் மறைப்பான், அவனுக்கு மறைக்க நியாயமான காரணம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: அந்தப் பெஞ்சை நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன், தப்பு என்னுடையது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்கு அப்பறம் ராகவன் படுத்தான் சார்,” என்றான். “கடசி நாளு. நானும் அவனும்தான் மாத்தி மாத்தி பண்ணுவோம். பெருமாள் தூக்கி அவனுக்குத் தோளு உரிஞ்சிருந்திச்சி. அவனைப் பாத்தீங்களா சார்?”

பார்க்கவில்லை. அவனுக்குப் பின் யார் படுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. போலீஸ் ஆக ஆசைப்பட்டவன் படுக்கையில் கிடந்தபடி விசாரித்தான். அதற்குச் சம்பளம் வாங்குகிற நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராகவன் அப்போது நாங்கள் குடியிருந்த சின்ன காஞ்சிபுரம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவான். வைகாசி உற்சவத்தில் பெருமாள் புறப்பாட்டுக்குத் தோள் கொடுப்பது அவர்கள் வீட்டுக் கைங்கர்யம். நான் மொபெட்டில் போய் இறங்கியபோது சாயங்காலப் புறப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தோளில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, மேலே துணி மடித்து வைத்திருந்தார் அவன் அம்மா. துணியை எடுத்தேன். சிவப்பு கழுத்துவரை ஏறியிருந்தது, தொட்டால் கொதித்தது.

“சூட்டுக்கட்டி சார். பெருமாளைச் சுமந்தா சரியாயிடும்,” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டேன். “கைங்கர்யத்தைத் தடுக்கறேளே, நன்னா இருப்பேளா?” என்று மாமி வாசலில் நின்று கத்தினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கட்டிய வேட்டியோடு அவனைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றே கீறினார்கள். ஒன்பது நாள் ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இவனையும் மெட்ராஸுக்குத்தான் அனுப்பியிருப்பேன் என்று அந்த டாக்டர் சொன்னார்.

பரிசோதனை முடிவு வந்தபோது மேடம் நிதானமாகப் படித்தார். “இந்த விரிப்புலேர்ந்துதான் அந்தத் தம்பிக்கு வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. அவர்கிட்டேர்ந்து இதுக்கும் போயிருக்கலாம். ஆனா ரெண்டுலயும் ஒரே கிருமி, அதே மருந்துங்களுக்கு அடங்காத கிருமி.”

விரிப்பைப் பிளீச்சிங் கரைசலில் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. பிளீச்சிங்கில் பட்டு கரைந்துபோகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எரிக்க வேண்டும் என்றார் மேடம். பட்டைக் கொளுத்த மாஸ்டருக்குக் கை வரவில்லை. தீக்குச்சியை மூன்று தடவை அணைத்துவிட்டார். நான்காவது தடவை அவரே பற்றவைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். முடி கருகுகிற வாடை தெரு முழுக்க அடித்தது. பெஞ்சுக்குப் புது ரெக்சின் தைத்தார். ஒவ்வொருவர் எழுந்ததும் சோப்புத் தண்ணீரால் துடைப்பது, சாயங்காலம் பிளீச்சிங் கரைசலால் துடைத்து உலரவிடுவது என்று ஆனது. என் அட்டையை மேடம் கழற்றச் சொல்லிவிட்டுப் புதிதாக எழுதினார். அதில் சூட்டுக்கட்டி என்ற சொல் இல்லை. கட்டி, சீழ், புண் என்று இருந்தது. கடைசி வரி: “மறைக்காதீர்கள். நகராட்சி மருந்தகத்தில் காட்டுங்கள். ஆறியபின் வாருங்கள், உங்கள் இடம் இருக்கும்.” அந்தக் கடைசி வரியை நான் முதல் தடவையே எழுதியிருக்க வேண்டும்.

தணிகாசலம் மெட்ராஸில் எட்டாம் நாள் இறந்துபோனான். முப்பது வருட வேலையில் பேதி, காமாலை என்று எத்தனையோ சாவுகளைப் பதிவு செய்திருக்கிறேன். அன்று மட்டும்தான் அலுவலகத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மேடம் கதவைச் சாத்திவிட்டுத் தானும் உள்ளேயே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ராகவனின் அம்மா வந்தார். கையில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டு.

“அன்னிக்கு உங்களை என்னவெல்லாமோ வைதுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கோ. என் பிள்ளையைக் காப்பாத்திக் கொடுத்தது நீங்கதான்.”

“நான் இல்லை மாமி. தணிகாசலம்னு ஒரு பையன், தென்னேரி. ராகவனோட ஜிம்முக்கு வந்துண்டிருந்தவன். அவன்தான், ராகவனைப் போய்ப் பாருங்கோன்னு சொன்னான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யார் பெத்த பிள்ளையோ, நன்னா இருக்கணும். ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சுண்டு வாங்கோ. என் கையால ஒரு வாய் சாதம் போடணும்.”

அன்று தென்னேரியில் அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம். வாலாஜாபாத் பஸ் பிடித்து அங்கே போகத்தான் நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெஞ்சைப் பற்றி அவன் அப்பாவிடம் சொல்வது எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. அவன் இறந்ததையும் நான் கிளம்பியதையும் மாமியிடம் சொன்னேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தட்டை எங்கள் வீட்டுக்குள் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“வாலாஜாபாத் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.